மஞ்சள் அறைக்கு வந்த மரியாதை

கடலைப் பார்த்திருக்கும் எங்கள் பழைய வீட்டின் முன்னறைக்குப் பளிச்சென்று மஞ்சள் பூசிவிட்டேன். கடையில் கிடைத்தது மீன்பிடி வள்ளத்துக்கு அடிக்கும் பெயின்ற் மட்டும்தான்.

“இது வீடோ, வள்ளமோ? ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளையடிப்பன்,” என்றார் கணவர். சுண்ணாம்பும் கரைத்துவிட்டார்.

இன்று மூதூரிலிருந்து பயணிகள் படகில் திரும்பும்போது, அந்த லோஞ்சை ஓட்டுபவர் கேட்டார்: “டீச்சர், அந்த மஞ்சள் அறை இருக்கிற ஊடு உங்கடயா?”

“ஓம்,” என்றேன், கேலியை எதிர்பார்த்து.

“யன்னலை மட்டும் சாத்திராதீங்க. இப்ப கடல்ல இருந்து அந்த மஞ்சளைப் பாத்துத்தான் லோஞ்சைத் துறைக்கு நேர் பிடிக்கிறம்.”

வீடுவரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும், கணவர் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிப்போய்க் கோழிக்கூட்டுக்கு வெள்ளையடித்தார்.

ஒரு சந்தேகம்: இனி நான் திரைச்சீலை போடுவதென்றால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?