ஏறாவூர்த் தோலேட்டில் விழுந்த புள்ளிகள்

நான் மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். பேய்க் கதை கட்டுவது என் வேலையல்ல. இது என் கண் முன்னால் நடந்தது. நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

1936ஆம் ஆண்டு மாரிகாலம். ஏறாவூரில் ஆமினா உம்மா என்ற கைம்பெண்ணிடம் பழைய குர்ஆன் ஏடு ஒன்று இருந்தது. தோலில் எழுதிய ஒற்றை ஏடு. எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. ஓர் எழுத்துக்கும் புள்ளி இல்லை. அரபியில் புள்ளி போனால் பல எழுத்துகள் பல் போன்ற ஒரே கோடாகத்தான் தெரியும். மனனம் செய்தவன்தான் வாசிப்பான். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு ஏடு, ஆயிரத்து இருநூறு வருடத்துக்கும் மேல் பழையது என்று நான் பத்திரிகையில் எழுதினேன். காத்தான்குடி கச்சி முகம்மது ஆலிம் மறுத்து எழுதினார். யாரோ பிற்காலத்தில் செய்த போலியாம், குழி தோண்டி அடக்கிவிட வேண்டுமாம். என்னை மடையன் என்று அச்சிலேயே போட்டார். நானும் விடவில்லை. எங்களுக்குள் ஸலாம் சொல்வதும் நின்றுபோனது.

கடைசியில் ஆமினா உம்மாவே ஆளனுப்பினார். இருவரும் சேர்ந்து பார்த்து ஒரு முடிவு சொல்ல வேண்டுமாம்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து போனோம். வாவிப் பக்கமிருந்து மழை கறுத்துக்கொண்டு வந்தது. பகலிலேயே விளக்கேற்ற வேண்டியிருந்தது. உம்மா ஏட்டை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் ஒரு சொல்லைக் காட்டி ஓதினேன். "ஃபதபய்யனூ." தீர விசாரியுங்கள் என்று பொருள்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஃபதஸப்பதூ."

அதே பற்கள். வேறு புள்ளிகள். முற்கால ஓதுநர் சிலர் அப்படியும் ஓதியிருக்கிறார்கள். உறுதி செய்துகொள்ளுங்கள் என்று பொருள்; அதுவும் சரியான ஓதல்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படி ஓத ஆளில்லை.

கச்சி முகம்மது சிரித்தார். "ஆள் வெச்சி ஓதுறீங்களா மௌலவி?"

"உங்கட வேலயாத்தான் இருக்கும்."

அவர் வேண்டுமென்றே அந்த இரண்டாவது முறையில் ஓதினார். உடனே உள்ளே...

"ஃபதபய்யனூ."

யார் எதை ஓதினாலும் மறுப்பு. குரலில் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

"உம்மா, உள்ளுக்கு ஆரு?" என்று கத்தினேன்.

"ஒருத்தருமில்ல. நெல்லு மூட்டதான் கிடக்கு."

கச்சி முகம்மது கதவைத் தள்ளினார். தரையிலிருந்து கூரை வரை மூட்டைகள். பூனை நுழையவும் இடமில்லை. குரல் மூட்டைகளுக்குள்ளிருந்து வந்தது. இப்போது இரண்டு சொல்லும் ஒன்றாக... ஒரே தொண்டையில்...

மழைச் சத்தம் அறுந்தது. யன்னலில் பார்த்தேன். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

என் முதுகுக்குப் பின்னால், மேசையில்...

டக்.

டக்... டக்.

எழுதுகோல் தோலில் படும் சத்தம்.

திரும்பினேன்.

அந்த ஒரு சொல்லில் மட்டும் புள்ளிகள். மேலும் கீழும். இரண்டு ஓதலுக்கும் உரியவை. தொட்டேன்...

காய்ந்திருந்தன.

"நீதான் வெச்ச!" கச்சி முகம்மது என் சட்டையைப் பிடித்தார்.

"என்ட கையப் பாரு! மை இருக்கா?"

தள்ளினேன். சுவரில் போய் மோதினார். உம்மா ஓடி வந்தார். "குர்ஆன் ஆயத்துக்கு முன்னால அடிபடுறீங்களா? போங்க ரெண்டு பேரும்!"

மழையில் ஆளுக்கொரு திசையாக நடந்தோம். நான்தான் செய்தேன் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அவர்தான் என்று நான் சொன்னேன். அந்த உள்ளறையை நினைப்பதைவிட அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

மறு வருடம், பழஞ்சுவடிகளைப் பார்க்கும் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். நடந்தது எதையும் நானும் உம்மாவும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேல் வரியிலுள்ள ஓர் எழுத்தின் வால் கீழே இறங்கி, ஒரு புள்ளியின் மேல் ஏறிப் போயிருந்தது. புள்ளியின் மை அடியிலும் வாலின் மை அதன் மேலும் படிந்திருந்தது எனக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"புதினமாக் கிடக்கு," என்றார் அவர். "இந்தத் தோல்ல எழுத்தெல்லாம் பிறகுதான் எழுதியிருக்கு. முதல்ல வெச்சது இந்தப் புள்ளிகள."