பதினோராவது வளைவில் நட்ட போர்டு

என் தம்பி அமிர்தராஜ் ஜெயித்ததை எல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் அவனைக் கையாலாகாதவன் என்று நினைத்துவிடக் கூடாது.

ஐந்து வயதில் ஏலத்தோட்டத்துக் குளிரில் நெஞ்சில் சளி கட்டி, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகும் பிழைத்தான். பதினாறு வயதில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், எஸ்டேட் ஜீப் டிரைவரின் காலையும் கையையும் பார்த்தே வண்டி ஓட்டப் பழகினான். 2004இல் கனரக லைசென்ஸ் டெஸ்டுக்குப் போன பதினான்கு பேரில் முதல் தடவையிலேயே தேறியவர்கள் மூன்று பேர்; அதில் இவன் ஒருவன். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று மலைப்பாதையிலும் இருபது வருஷம் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காமல் லோடு ஏற்றி இறக்கினான். ஒற்றை யானை வண்டிக்கு முன்னால் வந்து நாற்பது நிமிஷம் நின்றபோது, இன்ஜினை அணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யானை அதுவாகப் போனது. மகள் ஜோதிகாவை நர்சிங் படிக்க வைத்தான். இவ்வளவையும் ஓர் எழுத்துக்கூடத் தெரியாமல் செய்தான்.

எழுத்துத் தெரியாமல் போனதற்கு அவன் காரணம் இல்லை. அப்பாவும் அம்மாவும் மலைக்கு மேல் ஏலக்காய் எடுக்கும் வேலைக்குப் போனபோது, எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நான்கு. ஒரு பிள்ளையைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சுருளிப்பட்டியில் இருந்த சித்தி சொல்லிவிட்டார். பெரியவள் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். அவன் தோட்டத்தில் வளர்ந்தான். அங்கிருந்து பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீட்டர், நடுவில் ஓர் ஓடை, மழைக்காலத்தில் அதைக் கடக்க முடியாது. பதினேழு வயதில் அவன் கீழே இறங்கி வந்தபோது, ஒன்றாம் வகுப்பில் உட்காரச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

எண்கள் தெரியும். நோட்டு எண்ணவும் போன் போடவும் அவனாகவே பழகிக்கொண்டான். ஊர்ப் பெயர்களைப் பஸ்ஸின் நிறத்தை வைத்துச் சொல்வான். மலைப்பாதையை அடையாளங்களால் வைத்திருந்தான். மூன்றாவது வளைவில் மஞ்சள் பூசிய கல், ஏழாவதில் பட்டுப்போன பலாமரம், பன்னிரண்டாவதைத் தாண்டினால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசனை. மூடுபனியில் நான்கடி தள்ளி எதுவும் தெரியாதபோதும் அந்த வாசனையை வைத்து வண்டியைத் திருப்புவான்.

அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும். மேலே மலை உச்சி மெட்டுக்குப் போனதும் ஓரமாக நிறுத்தி எனக்குப் போன் போடுவான்.

"யக்கா, மேகம் பூராம் கீழ கெடக்கு. நா மேல நின்னு டீ குடிக்கேன்."

"நா அந்த மேகத்துக்கு அடியிலதான்லே இருக்கேன். இங்கன துணி காய மாட்டேங்குது."

"ஊதி விடவா?"

வெயில் நாளில் காற்றாலைகளும், தூரத்தில் வைகை அணையின் தண்ணீரும் தெரியும் என்பான். போட்டோ எடுத்து அனுப்புவான். குறிஞ்சி பூத்த வருஷம் முப்பத்தாறு போட்டோ அனுப்பினான். முப்பத்தாறும் ஒரே நீலம். எஸ்டேட் பெண்கள் அவன் வண்டிச் சத்தம் கேட்டே வெளியே வருவார்கள். அவர்களுக்குக் கீழேயிருந்து மாத்திரையும் காய்கறியும் வாங்கிப் போவான். அவர்கள் மிளகும் பால் விடாத கட்டன் சாயாவும் கொடுப்பார்கள். கஷ்டமும் அதே அளவு இருந்தது. செக்போஸ்ட்டில் மணிக்கணக்கில் வரிசை, பாறை விழுந்தால் இரண்டு நாள் வண்டிக்குள்ளேயே படுக்கை, இறக்கத்தில் பிரேக் சூடேறி ரப்பர் வாடை அடிக்கும்போது வரும் பயம். பயத்தைப் பற்றி மட்டும் போனில் சொல்ல மாட்டான். அவன் குரலை வைத்து நான் தெரிந்துகொள்வேன்.

அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவன் முதலாளி சுரேஷ்கண்ணனுக்குத் தெரியாது. தேனியில் அவருக்கு இரண்டு லாரி. எதையாவது படிக்கச் சொன்னால், "கண்ணாடி கொண்டாரல மொதலாளி, வாய்ஸ்ல அனுப்புங்க" என்பான். டிரிப் ஷீட்டையும் வழியில் இருக்கும் போர்டுகளையும் கிளீனர் முத்துப்பாண்டி பார்த்துக்கொள்வார். எட்டு வருஷம் அவர்தான் இவனுக்குக் கண். 2024 அக்டோபரில் அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். வேறு கிளீனர் கிடைக்கும் வரை தனியாகவே ஓட்டுவதாகத் தம்பி சொன்னான்.

அந்த நவம்பர் 14, வியாழக்கிழமை. நான்கு நாள் மழை பெய்து அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. காலை எட்டரைக்குப் போடியிலிருந்து காலி வண்டியோடு ஏறினான். பதினோராவது வளைவில் ரோடு வேலை செய்யும் காண்டிராக்டரின் ஆள் ஒருவர் தகர போர்டு ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார். சுருளிராஜன் என்று பெயர். தம்பியைப் பார்த்துக் கை காட்டினார். இவனும் காட்டிவிட்டுப் போனான். மேலே எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தடி ஏற்றிக்கொண்டு மதியம் மூன்று மணிக்கு இறங்கினான்.

போர்டில் எழுதியிருந்தது இதுதான்: 'பள்ளத்து ஓரம் மண் இளகியுள்ளது. கனரக வாகனங்கள் ஒதுங்கி நிற்காமல் வளைவுக்கு முன்பே நின்று வழி விடவும்.' கறுப்பு எழுத்து மட்டும். படம் எதுவும் இல்லை. இறங்கும் பக்கத்துக்கும் அதேபோல் ஒன்று நட்டிருந்தார்கள்.

அவன் வளைவுக்குள் இறங்கியபோது, எஸ்டேட்டிலிருந்து பெண்களை ஏற்றி வரக் கீழிருந்து ஜீப் ஒன்று ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். இருபது வருஷமாக ஒதுங்கிப் பழகியவன். இடப்பக்கம், பள்ளத்து ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். ஜீப்காரர் கையை உயர்த்தி நன்றி காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் பின்சக்கரத்தின் கீழ் மண் போனது. பிரேக்கை மிதித்தபடியே இருந்ததாகச் சொன்னான். வண்டி அவசரமில்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடிகளோடு முப்பதடி கீழே போய் இரண்டு மரங்களில் முட்டி நின்றது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. லாரியை மட்டும் பழைய இரும்பாகத்தான் மேலே இழுத்தார்கள்.

தேனி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டிய நான்காம் நாள் கேட்டேன். "காலைல அந்த ஆளு போர்டு நட்டதப் பாத்தேல்ல? என்ன எழுதிருக்குன்னு கேட்டுருக்கலாம்லடா?"

"கேட்டா தெரிஞ்சுரும்லக்கா."

"என்ன தெரிஞ்சுரும்?"

 அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு வயது நாற்பத்தைந்து.

டிசம்பரில் வீட்டுக்கு வந்தான். முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை. அவருடைய பிழைப்பில் பாதி அந்த லாரிதான்.

"அமிர்து, இன்சூரன்ஸ்ல ஆளு வருவாக. போர்டே இல்லன்னு சொல்லிரு. அம்புட்டுத்தான். போர்டு இருந்து மீறிப் போனேன்னு வந்துச்சுன்னா ஒரு பைசா வராது. வந்துச்சுன்னா அடுத்த வண்டி எடுப்பேன், அதுக்கும் நீதான் டிரைவர். சத்தியமா."

"போர்டு இருந்துச்சு மொதலாளி."

"இருந்தா நீ ஏன் ஒதுங்குன?"

தம்பி தரையைப் பார்த்தான். பிறகு, முத்துப்பாண்டியைத் தவிர வேறு வெளி ஆள் ஒருவரிடம் முதல் தடவையாகச் சொன்னான். "எனக்குப் படிக்கத் தெரியாது."

சுரேஷ்கண்ணன் முதலில் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "மேரியக்கா, நெசமாவா? இத்தன வருசம் என் வண்டிய எழுத்துத் தெரியாதவன்கிட்டயா குடுத்து வச்சிருந்தேன்?"

"இத்தன வருசம் ஒழுங்காத்தானே ஓட்டுனான்" என்றேன். 

அவர் போன பிறகு நானும் தம்பியிடம் பொய் சொல்லத்தான் சொன்னேன். மறைக்க விரும்பவில்லை. போர்டு இல்லை என்று சொன்னால் அவனுக்கு மறுபடி வண்டி கிடைக்கும். இருந்தது, படிக்கத் தெரியாது என்றால் எந்த முதலாளியும் சாவியைக் கொடுக்க மாட்டார். இரண்டில் ஒன்றுதான்.

"போர்டு இல்லன்னா அந்த ஆளு சுருளிராஜன் நடலன்னு ஆயிரும்க்கா. தெனக்கூலி. அவருக்கு ரெண்டு பொட்டப்பிள்ள. நட்டத எங்கண்ணால பாத்தேன்."

"அவருக்குப் பாத்தா நீ என்னலே செய்வ?"

"தெரியலயே" என்றான். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பிரேக் சூடான நாட்களில் போனில் கேட்கும் குரல்.

பிப்ரவரியில் இன்சூரன்ஸ் விசாரணைக்காரர் மதுரையிலிருந்து வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. முதலாளியும் கூடவே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி நடந்ததை நடந்தபடியே சொன்னான். அவர் எழுதி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். 'போர்டு இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாததால் அதில் உள்ளதை அறியவில்லை. ஏறி வந்த ஜீப்புக்கு வழி விட ஒதுங்கினேன்.' ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் கையில் வாங்கி இரண்டு முறை சரிபார்த்தேன்.

தம்பி பெருவிரலை நீட்டினான். விசாரணைக்காரர் மைப்பெட்டியை எடுக்கவில்லை.

"கைநாட்டுன்னா சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்ணே. நீங்களே கையெழுத்துப் போட்டா சாட்சி வேண்டாம். எங்க ஆபீஸ் ரூல்."

முதலாளி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் மகன் முதலாளியின் இன்னொரு லாரியை ஓட்டுகிறான். "மேரி, நா எப்படிப் போட முடியும்? நீயே சொல்லு" என்று அவர் கையைப் பிசைந்தார். அடுத்த வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. மூன்றாவது வீட்டு அம்மாவும் கைநாட்டுத்தான். நான்காவது வீட்டில், விசாரணை, இன்சூரன்ஸ் என்ற சொற்களைக் கேட்டதுமே மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். திரும்பி வந்தேன்.

"சாட்சி கிடைக்கலைன்னா என்ன ஆகும் தம்பி?" என்று விசாரணைக்காரரைக் கேட்டேன்.

"இன்னைக்கு ஃபைலை முடிக்கணும்க்கா. ஓனர் கொடுத்த லெட்டர் மட்டும்தான் போகும். அதுல போர்டு இல்லைன்னு இருக்கு."

 தம்பி சட்டைப்பையிலிருந்து லைசென்ஸ் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இதுல எம்பேரு எதுக்கா?"

காட்டினேன். இங்கிலீஷில் அச்சடித்திருந்தது, பத்து எழுத்து. அட்டையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தான். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தான். ஒரு கோடு, இன்னொரு கோடு, நடுவில் குறுக்கே ஒன்று. ஐந்தாவது எழுத்தில், "இது நம்பர் பிளேட்ல மொதல்ல வர்றது" என்று அவனுக்கே சொல்லிக்கொண்டான். ஏழாவதில் நின்றான். "இது முன்னாடியே வந்துருச்சேக்கா?"

"திரும்பவும் வரும். இன்னும் ஒருக்காவும் வரும். போடு."

வியர்வை தாளில் சொட்டாமல் இருக்க இடது கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம் ஆனது. எழுத்துகள் மேலும் கீழுமாக இருந்தன, ஆனால் ஒன்றும் விடுபடவில்லை.

விசாரணைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். "படிக்கத் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டு, அதுக்கடியில கையெழுத்துப் போட்டிருக்கீங்கண்ணே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. கவலையாகத்தான் சொன்னார்.

சுரேஷ்கண்ணன் எழுந்தார். "கையெழுத்துப் போடுறவனுக்குப் போர்டு படிக்கத் தெரியாதா? எவன் நம்புவான்? உன்னையும் கெடுத்துக்கிட்ட, என்னையும் கெடுத்துட்ட அமிர்து." அதன்பின் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆறாவது வாரம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து முதலாளிக்குப் போன கடிதத்தின் நகலை இன்சூரன்ஸ் தரகர் ஒருவர் எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஓட்டுநர் கையெழுத்திடும் அளவுக்கு எழுத்தறிவு உள்ளவர், எச்சரிக்கைப் பலகையைக் கண்டும் மீறியுள்ளார், ஆகவே இழப்பீடு இல்லை. இப்படித்தான் எழுதியிருந்தது. சுருளிராஜன் மேல் குற்றம் எதுவும் வரவில்லை. ஆனாலும் சாலை வேலை முடிந்ததும் மற்றக் கூலியாட்களோடு அவரையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தம்பியின் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். தம்பிக்கு இதுவரை யாரும் வண்டி கொடுக்கவில்லை. காலையில் வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்க்கிறான். மெட்டுப் பக்கம் மேகம் இறங்கினால், இந்நேரம் எந்த வளைவில் லைட்டைப் போட வேண்டும் என்று யாரும் கேட்காமலே சொல்கிறான்.

அந்தக் கடிதத்தை நான்தான் அவனுக்கு வாசித்தேன். முழுவதையும் கேட்டான்.

"கையெழுத்துன்னா, நா போட்டதா?"

"ஆமா."

"ஆபீஸ்ல அதப் பாத்தாகளா?"

"பாத்துத்தான்டா எழுதிருக்காக."

"எம்பேருன்னு வாசிக்க முடிஞ்சுருக்கா அவுகளால?"

"முடிஞ்சுருக்கு."

கடிதத்தோடு அவன் வாக்குமூலத்தின் நகலும் இணைத்திருந்தது. அதை வாங்கி, கீழே இருந்த பத்து எழுத்துகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். அவற்றுக்கு அருகில் விசாரணைக்காரர் தன் கையால் தேதி எழுதியிருந்தார்: 11.2.2025, செவ்வாய்க்கிழமை.