பம்பரோடு பறந்த ஷேக்கிள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. போன் அடித்தது. சகலை ஜெபசிங்.

"சகலை, பழையகாயல் தாண்டி கடக்கரையில நிக்கேன். வண்டி லேசா மண்ணுல எறங்கிட்டு. ஒரு எட்டு வாரீயளா?"

லேசா! அவர் அகராதியில் 'லேசா' என்றால் அச்சு வரைக்கும் என்று அர்த்தம்.

ஜெபசிங்கை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். என் மனைவியின் தங்கை கணவர். வளைகுடாவில் பல வருஷம் ஏசி ஆபீசில் உட்கார்ந்துவிட்டு, பாலைவனத்தையே உழுது விதைத்தவர் மாதிரி ஊர் திரும்பியவர். வந்ததும் முதல் வேலையாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கினார். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் வாங்கின கையோடு கம்பெனி பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, யானை முட்டினாலும் அசையாது என்று ஒரு கறுப்பு இரும்பு பம்பரை மாட்டினார். அதன் முகப்பில் காது மாதிரி இரண்டு தகடு. காதுக்கு ஒன்றாக இரண்டு ஷேக்கிள் - அதுதான், குறுக்கே ஆணி போட்டுப் பூட்டும் இரும்பு வளையம் - ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்து!

எதற்கு இது? வண்டி புதைந்தால் முன்பக்கம் கயிறு கட்டி இழுப்பதற்கு. 'ரிக்கவரி பாயின்ட்' என்று பெயர். இப்போது நம் ஊரில் பாதி ஜீப்பின் மூஞ்சியில் இந்தச் சிவப்பு வளையம் தொங்குகிறது. பாளையங்கோட்டை ரோட்டைத் தாண்டி ஒரு சாணி மேட்டில்கூட ஏறாத வண்டிகள்!

அந்த ஷேக்கிளை வாங்கிய அன்றே எனக்குக் காட்டினார். துறைமுகம் பக்கம் பழைய கப்பல் சாமான் விற்கிற கடையில் பிடித்தாராம்.

"கப்பல்ல சரக்கு தூக்குத சாமான் சகலை. பன்னெண்டு டன் தாங்கும்னு அதுலயே அடிச்சிருக்கான்."

எனக்குச் சோறு போட்ட தொழிலே கப்பலில் சரக்கைக் கட்டுவதுதான். குனிந்து பார்த்தேன். ஷேக்கிள் அருமையான ஷேக்கிள். அது தொங்குகிற காதோ, பம்பரில் பற்றவைத்த வெறும் தகடு. அந்தப் பம்பரை வண்டியோடு பிடித்திருந்தது, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத நாலு போல்ட்.

"ஷேக்கிள் பன்னெண்டு டன் தாங்கும். இந்த போல்ட் தாங்குமா? இழுவை சேஸிஸ்ல, வண்டியோட அடிச்சட்டத்துல போய் நிக்கணும் ஜெபசிங், பம்பர்ல இல்ல" என்றேன்.

"நீங்க எப்பவும் இப்படித்தான் சகலை" என்று சிரித்தார். கொண்டையில் தாழம்பூ, உள்ளே ஈரும் பேனும். வேறென்ன சொல்ல?

சரி, கடற்கரைக்கு வருவோம். நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப் மூக்கைக் கரைப் பக்கம் நீட்டிக்கொண்டு, நாலு சக்கரமும் மண்ணுக்குள் இருந்தது. பின்னால் கடல். நீர் ஏற ஆரம்பித்துவிட்டது. ரீல்ஸ் எடுக்க வந்த அவருடைய நண்பர்கள் நாலு பேர், கூலிங் கிளாஸ் சகிதம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கையிலும் மண்வெட்டி இல்லை.

நல்லவேளை, உப்பளத்தில் டிராக்டர் ஓட்டும் சேர்மதுரையை யாரோ கூப்பிட்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்த மனுஷன். கெட்டியான தரையில் டிராக்டரைத் திருப்பி நிறுத்தி, பின்னால் நைலான் வடத்தைக் கட்டிக் கொடுத்தார். மறு முனையை ஜெபசிங் பெருமையாகச் சிவப்பு ஷேக்கிளில் மாட்டினார்.

"அதுல வேண்டாம். மண்ணைத் தோண்டி, அடியில சேஸிஸ்ல கட்டுவோம்" என்றேன்.

"தண்ணி வாரது தெரியலையா? இதுக்குத்தானே மாட்டியிருக்கேன்!"

நைலான் வடம் ரப்பர் மாதிரி நீளும். ஒரு முனை பிடுங்கிக்கொண்டால், அந்த முனையில் இருப்பதெல்லாம் இழுக்கிறவனைப் பார்த்துத்தான் பறக்கும். இழுக்கிறவன் யார்? முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சேர்மதுரை. நின்றவர்களை எல்லாம் கத்தி விரட்டினேன். டிராக்டரில் கிடந்த சாக்குகளைக் கடலில் முக்கி, பறப்பதைக் கொஞ்சமாவது அமுக்கட்டுமே என்று வடத்தின் மேல் போட்டேன். "சேர்மதுரை, நில்லும், இழுக்காதேயும்!" என்று நான் வாயைத் திறப்பதற்குள், ஜீப்பின் டிரைவர் சீட்டில் இருந்து கையை ஆட்டிவிட்டார் ஜெபசிங்.

டிராக்டர் உறுமியது. வடம் விறைத்தது. 'டமார்' என்று ஒரு சத்தம்.

பம்பர் இரண்டாக மடங்கிப் பிய்ந்து, ஷேக்கிளோடு பறந்து போய் டிராக்டர் மட்காடில் மோதியது. மட்காடு அப்பளமாக நசுங்கிவிட்டது. சேர்மதுரை கியரை மாற்ற முன்னால் குனிந்திருந்தார். அதனால் இருக்கிறார்.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். மட்காடைத் தடவிப் பார்த்தார்.

"ஏம் அண்ணாச்சி, வண்டிய இழுக்கக் கூப்பிட்டீயளா, என்னைய முடிக்கக் கூப்பிட்டீயளா?"

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஓடிப் போய் அந்த மனுஷன் கையைப் பிடித்திருக்க மாட்டீர்களா? ஜெபசிங்கும் ஓடினார். பம்பரிடம்! அதிலிருந்து ஷேக்கிளைக் கழற்றித் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீயளா சகலை, ஷேக்கிள்ல ஒரு கீறல்கூட இல்ல!"

எனக்கு வந்த கோபத்துக்கு அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே... சரி விடுங்கள், மைத்துனி வாசிக்கிற பத்தி இது.

பம்பர் போன இடத்தைப் பார்த்தேன். அங்கே சேஸிஸில் பெரிய போல்ட்டோடு கம்மென்று உட்கார்ந்திருக்கிறது ஒரு கொக்கி. இழுப்பதற்கென்றே கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய கொக்கி! இத்தனை நாளும் அதை மறைத்துக்கொண்டு இருந்தது அந்த யானை பம்பர்.

அப்புறம் வேலை சுலபமாக முடிந்தது. மண்ணில் பிடி கிடைக்க டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினோம். சேர்மதுரை டிராக்டரில் மண்வெட்டி வைத்திருந்தார். கூலிங் கிளாஸ்களைக் கழற்றச் சொல்லி, நாலு பேரையும் சக்கரத்துக்கு முன்னால் தோண்ட வைத்தேன். வடத்தைக் கொக்கியில் மாட்டினேன். சேர்மதுரை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மெதுவாக இழுத்தார். வண்டி கரையேறியது.

மட்காடைப் புதுசாக மாற்றிக் கொடுக்க வைத்தேன். அதற்கும் நான்தான் கத்த வேண்டியிருந்தது. மறுவாரம் ஜெபசிங்கை முத்தையாபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரும்புக் கடையில் பார்த்ததை எல்லாம் மாட்டாமல், அந்த வண்டிக்கென்றே செய்த, எடை தாங்கும் என்று சோதித்த கனமான பிளேட்டுகளை வாங்கினோம். சேஸிஸின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, சாதா போல்ட் இல்லை, லேசில் அறாத ஹை டென்சில் போல்ட். இழுக்கும்போது இரண்டிலும் சேர்த்துக் கட்டினால் பாரம் பாதி பாதியாகப் பிரியும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ராக்கெட் விடத் தெரிய வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஜெபசிங் நாலடி தள்ளி நின்று பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"வெளிய ஒண்ணுமே தெரியலையே சகலை?"

"தெரியாட்டி என்ன?"

"அப்பம் எதுக்கு இது?"

கேட்டீர்களா கேள்வியை?

போன வாரம் மறுபடியும் மாட்டிக்கொண்டார். மாட்டாமல் இருப்பாரா? இந்த முறை உப்பளத்துச் சேறு. மேலே வெள்ளையாகக் காய்ந்திருக்கும், உள்ளே களி. கூப்பிட்ட குரலுக்குச் சேர்மதுரையே வந்தார், டிராக்டரோடு. எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் உடனே வடத்தை எடுக்கவில்லை. நேராக ஜீப்பின் முன்னால் போய், அந்தச் சேற்றில் மல்லாந்து படுத்து அடியில் தலையை நுழைத்தார். ஒவ்வொரு போல்ட்டாகக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முதுகெல்லாம் சேறோடு எழுந்து வந்தார்.

"என்ன சேர்மதுரை, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் ஜெபசிங்.

"வண்டி மேல இருக்கு அண்ணாச்சி."

பாராட்டு என்று நினைத்துச் சிரித்தார் பாருங்கள், என் சகலை!