செருப்பு வரிசை

மழைக்குப் பிறகு ஈரச் செருப்பு சிமெண்டில் விழும் சத்தம். சப்பென்று ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. குனோங் ராபாட்டில் என் தங்கை வீட்டு வாசலில் அவள் மகள் அப்படித்தான் எண்ணப் பழகுகிறாள். வந்தவர்களின் செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து அடுக்கி, விரல் நீட்டி, ஒண்ணு, ரெண்டு என்கிறாள். எல்லோரும் ரசிக்கிறார்கள். நான் மட்டும் வரிசையைப் பார்ப்பதில்லை. அவள் காலைப் பார்க்கிறேன்.

இந்த விளையாட்டு சின்னம்மாவுடையது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், அம்மா இறந்த பிறகு எங்கள் நால்வரை வளர்க்க வந்த அம்மாவின் தங்கை. ரப்பர்க் கொட்டைகளைக் கையில் மூடிக்கொண்டு ஒத்தையா ரெட்டையா கேட்பாள். தோற்றவர் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு. கொட்டையை எண்ணலாம், தட்டை எண்ணலாம், கோழிக்குஞ்சைக்கூட எண்ணலாம். பெற்ற பிள்ளை, வளர்த்த பிள்ளையை எண்ணக் கூடாது, கண் பட்டுவிடும் என்பாள். அக்கா விட்டுப்போன பிள்ளைகள் என்பதால் அந்தப் பயம் அவளுக்கு இரண்டு மடங்கு. ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் வீடு சேர்ந்தோமா என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் செருப்பு. வாசலில் ஜோடியாக விட வேண்டும். கடைக்குட்டித் தங்கை அவற்றை நேராக்கி எண்ணிச் சொல்ல வேண்டும். "நாலு ஜோடி, சின்னம்மா!" அடுப்படியிலிருந்து பதில் வரும்: "அப்ப சோறு போடலாம்லா."

அன்று மழை வலுத்திருந்தது. தங்கையின் குரல் வரவில்லை. சின்னம்மா எட்டிப் பார்த்தாள். நாலு ஜோடியும் நேராக இருந்தன. கதவைச் சாத்தி, தட்டுகளை வைத்தாள். மூன்று தட்டில் கை விழுந்தது. நாலாவதில் சோறு ஆவி விட்டுக்கொண்டே இருந்தது.

"சின்னவ எங்கடா?" என்றாள் அண்ணனிடம். கட்டிலுக்கு அடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. செருப்பு வீட்டில் இருக்கும்போது பிள்ளை எப்படி இல்லாமல் போகும்? எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டை இருந்தது. மழையில் கரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் டார்ச்சோடு ஓடிவந்தார்.

"குட்டப் பக்கம் பாத்தீங்களா?"

"வாயக் கழுவுங்கண்ணே!" என்று சின்னம்மா கத்திக்கொண்டே அந்தப் பக்கம்தான் முதலில் ஓடினாள். "அக்காவுக்கு நான் என்னா பதில் சொல்வேன், அக்காவுக்கு என்னா பதில் சொல்வேன்" என்று மழையோடு பேசிக்கொண்டு ஓடினாள். நாங்கள் மூவரும் கை கோத்துப் பின்னால். செத்துப்போன அம்மா குட்டைக்கரையில் நின்று பதிலுக்குக் காத்திருப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

கரைக்கு முந்திய மேட்டில், மரத்தடியில், பாவாடையை மடித்து ரப்பர்க் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள் தங்கை. முந்தின நாள் ஒத்தையா ரெட்டையாவில் எல்லாவற்றையும் தோற்றிருந்தாள். கால் முழுக்கச் சேறு.

"ஏன்டி செருப்பு போடல?"

"அடுக்கிட்டேனே. எடுத்தா மூணாயிடும். நீ பயப்படுவேல்ல, சின்னம்மா?"

அடிப்பாள் என்று நினைத்தேன். சின்னம்மா சேற்றிலேயே உட்கார்ந்து அந்தக் கால்களை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள்.

மறுநாள் முதல் விளையாட்டு மாறியது. எங்களை வரிசையாக நிற்கவைத்து, தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். "நான் எண்ணலப்பா, நீங்களே சொல்லுங்க." அண்ணன் ஒண்ணு, அக்கா ரெண்டு, நான் மூணு. மூணு சொன்னதும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நாலு வருவதற்குள் அந்தக் குட்டை முழுவதும் எனக்குள் ஏறி இறங்கும். இந்த வயதிலும் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் எனக்கு ஓர் இருட்டு இருக்கிறது.

போன தீபாவளிக்கு நால்வரும் ஒரே காரில் சுங்கை சிப்புட்டில் அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். கிளம்பும்போது தூறல். வாசற்கேட்டுவரை வந்து, கார்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பழையபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "ம், சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே சொன்னோம். ஒண்ணு. ரெண்டு. மூணு. நான் மூச்சைப் பிடித்தேன். நாலு.

மூச்சு விட்டபோதுதான் பார்த்தேன். ஈரத் தரையில் அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள். செருப்பு ஜோடி அவளுக்குப் பின்னால், வீட்டு வாசலில், நேராக இருந்தது. அவளை நாங்கள் உயிரோடு பார்த்த கடைசி நாள் அது. செருப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், இத்தனை வருஷத்தில் ஒருநாளும் எங்கள் வரிசையில் சேராதவள், கண்ணாடியிலிருந்து கையை எடுத்து, மெதுவாகச் சொன்னாள்:

"அஞ்சு."