ஒன்பது இதழ்ப் பூவும் என் உளிப்பெட்டியும்

நம் வீட்டு ரேடியோ மேல் கிடக்கிற பின்னல் துணியின் நடுப்பூவை யாரும் பிரிக்கக் கூடாது. போன வாரம் சின்னவள் கத்தரிக்கோலோடு வந்து, "அப்பா, நடுவுல இருக்கது மட்டும் கோணலா இருக்கு. அத எடுத்துட்டு வேற ஒண்ணு வச்சுத் தாரேன்" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். நான்தான் கத்திவிட்டேன். எதற்காகக் கத்தினேன் என்பதை நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பூவைத் திருத்தாதீர்கள்.

அறுபதுகள் முடிகிற சமயம் அது. உங்கள் அக்கா எட்டாம் வகுப்பில் இருந்தாள். நீங்கள் இருவரும் சிறு பிள்ளைகள். காரைக்குடியில் உங்கள் மாமாவின் மரப்பட்டறையில் எனக்குச் சித்திர வேலை. கதவு, நிலை எல்லாவற்றிலும் பூ வெட்டுகிற ஆள் நான்தான். மாமா உங்கள் அம்மாவுக்கு அண்ணன், பட்டறைக்கு மேஸ்திரி. வேலையில் சூரர், வாயில் அதைவிடச் சூரர்.

நாச்சியாபுரத்தில் ஒரு வீட்டுக்குக் கதவு செய்துகொண்டிருந்தோம். கடைசிப் பூவின் கடைசி இதழ். வலது கையால் உளியைத் தள்ளிச் சீவினேன், இடது கை பலகையைப் பிடித்திருந்தது. தேக்கில் ஒரு கணு இருந்ததை நான் பார்க்கவில்லை. உளி துள்ளி இடது கையில் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியில் அறுந்து தொங்கின. பெரியாஸ்பத்திரியில் தைத்தார்கள். புண் ஆறியது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. இரண்டு குச்சிகளை ஒட்டவைத்ததுபோல நீட்டிக்கொண்டு நின்றன.

அடித்து வெட்டும்போது உளியைப் பிடிக்கிறது இடது கை. வலது கை கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடிக்கும், அவ்வளவுதான். அடிக்கிறதற்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் இடது கைக்குத்தான் தெரியும். அந்தக் கைதான் போய்விட்டது.

கட்டுப் பிரித்த நர்சம்மா, "சும்மா வச்சிருந்தீங்கன்னா இப்படியே நின்னுரும். வலிச்சாலும் மடக்கி மடக்கி வேலை குடுங்க" என்றார். மாமாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டுக்கு வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாப்பிள்ளை, ஆயுத பூசைக்கு உன் உளிப்பெட்டியக் கொண்டாந்து பட்டறையில வையி. மறுநாள் நீ எடுத்து வெட்டுனா பெட்டி உன்னுது. வெட்ட முடியலேன்னா பெட்டி அங்கேயே இருக்கட்டும். புதுசா வர்ற ஆள் எடுத்துக்கிடட்டும். நீ மரம் அடுக்குற வாடியில காவலுக்கு இரு. என் தங்கச்சிய நான் பட்டினி போட மாட்டேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பெட்டியில் பதினோரு உளிகள். ஒவ்வொன்றுக்கும் என் உள்ளங்கைக்குத் தக்கபடி நானே பிடி கடைந்து போட்டது. "பாப்போம் மச்சான்" என்றேன். பூசைக்கு நான்கு மாதம் இருந்தது.

பந்தை வைத்து அமுக்கினேன், துணியைப் பிழிந்தேன். பத்து நிமிஷத்தில் அலுத்துப்போகும். கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் உருவானால்தான் என் கை வேலை செய்யும், அது அப்படிப் பழகின கை. அப்போதுதான் ஒரு நாள் உங்கள் அக்கா தையல் வகுப்புக்காக உல்லன் நூலில் ஒரு பூச்சதுரம் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முனையில் சின்னக் கொக்கி வைத்த ஓர் ஊசி. குரோஷா என்றாள். நடுவில் ஒரு வளையம், வளையத்தைச் சுற்றி இதழ்கள், இதழ்களைச் சுற்றி நான்கு மூலை. நான் கதவில் வெட்டுகிற அதே பூ.

"ஆத்தா, எனக்கு அதச் சொல்லிக் குடு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எந்தக் கையில?" என்றுதான் கேட்டாள்.

ஊசி ஈர்க்குச்சி கனம். மடங்காத விரலில் அது நிற்காது. என் கையை வெட்டின அந்த உளியின் பிடியைக் கழற்றி, அதில் ஊசியை இறுக்கி அடித்தேன். இப்போது அது கைக்கு அடக்கமாக நின்றது. இடது கையில் ஊசி என்பதால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் எனக்குப் புரியாது. எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல அவள் செய்வதைப் பார்த்துச் செய்தேன்.

முதல் ஒரு வாரம் வெறும் சங்கிலிப் பின்னல். கண்ணில் நீர் வரும் வலி.

"அப்பா, இந்த இறுக்கு இறுக்குறீக! நூல் என்ன கதவா, ஆப்பு வச்சு அடிக்க? விடுங்க, தளர்த்தி விடுங்க."

பிறகு பூ. எட்டு இதழ் போடச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எட்டா? எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் தொழிலில் படிக்கட்டு என்றாலும் ஏணி என்றாலும் ஒற்றைப்படையில்தான் முடிப்போம். இரட்டையில் முடித்தால் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். கதவில் நான் எட்டிதழ்ப் பூதான் வெட்டுவேன், ஆனால் அது பலகையில் கோடு போட்டு வைத்த அளவு, நான் எண்ணியதே இல்லை. இங்கே ஒவ்வொன்றாக எண்ணி ஏறவேண்டியிருந்தது. எண்ணி ஏறுகிற எதுவும் எனக்குப் படிக்கட்டுதான். சிறுபிள்ளை தப்பாகச் சொல்லிவிட்டது என்று நினைத்து ஒன்பது போட்டேன்.

மூலை திருப்பும்போதுதான் தெரிந்தது. இரண்டு இதழுக்கு ஒரு மூலை வரவேண்டும். நான்கு மூலை திருப்பியபிறகு ஓர் இதழ் மிச்சம் நின்றது. அதையும் எங்கேயோ திணித்தேன். துணி தரையில் படியாமல் குவிந்து எழுந்தது. என் மூலைமட்டத்தை எடுத்து மூலையில் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலைகூடச் சேரவில்லை.

சாயங்காலம் வந்த அக்கா அதைத் தூக்கிப் பார்த்தாள். "அப்பா, இது சதுரமா, தொப்பியா?" என்று தன் தலையில் வைத்துக்கொண்டாள். உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"நுனியப் பிடிச்சு இழுத்தா எல்லாம் வந்துரும்பா. திரும்பப் போட்டுக்கலாம்" என்றாள் அக்கா.

எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மரத்தில் வெட்டினது வெட்டினதுதான். ஆனாலும் இழுக்க மாட்டேன் என்றேன். அன்றைக்கு மத்தியானம் அந்த ஒன்பதாவது இதழைப் போடும்போதுதான் என் நடுவிரல் முதல்முறையாகத் தானாக வளைந்தது. நான் வளைக்கவில்லை, நூலைத் தேடி அதுவே வளைந்தது. அதைப் போய் இழுத்துப் பிரிப்பேனா?

அதற்குப் பிறகு எட்டிதழில் ஒழுங்காகவே போட்டேன். வீட்டில் வெளிச்சம் போதாது, வாசலில் உட்கார்ந்து பின்னினேன். உங்கள் அம்மா தவித்தாள்.

"வாசல்ல உக்காந்து செய்யாதீக. அண்ணன் பாத்தாருன்னா என்ன சொல்லுவாரு?"

அது என்னமோ எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன திருடினேனா? மறுநாள் முதல் நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கே போய் உட்கார்ந்தேன். பட்டறை ஆட்கள் டீ குடிக்க வருகிற நேரம் பார்த்துத்தான் போவேன்.

"என்னண்ணே, அடுத்து சடை பின்னப் படிக்கிறீகளா?"

"வாடா, உன் மீசைய நீட்டு. அதுல ஆரம்பிக்கிறேன்."

"நம்ம ஊரு வெயிலுக்கு உல்லன் எதுக்குண்ணே?"

"உன் வாய்க்கு உறை போட."

கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன், கை நிற்காது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றார். "பொம்பளை வேலை. அதையும் பீச்சாங்கையில. எம் மானத்த வாங்குறதுக்குன்னே இங்க வந்து உக்காருறியா?"

"ஆமா மச்சான்" என்றேன். "என் உளிப்பெட்டி உங்ககிட்டப் போற வரைக்கும் இங்கதான் உக்காருவேன்."

ஆயுத பூசைக்குள் ஒன்பது சதுரங்கள் முடிந்தன. மூன்றுக்கு மூன்றாக இணைத்தேன். அந்தக் கோணல் பூவை நடுவில் வைத்தேன். சுற்றி இருந்த எட்டும் நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்து அதைப் படிய வைத்தன, முழுக்கப் படியவில்லை. பூசையன்று காலை உங்கள் அம்மா அந்தத் துணியைத் துவைத்து உலர்த்தி மடித்து என் கையில் கொடுத்தாள். "உளிகளுக்கு அடியில விரிச்சு வைங்க. அண்ணன் என்னமும் சொல்லிட்டுப் போகட்டும்" என்றாள். வாசலில் உட்காராதீக என்று சொன்ன அதே ஆள்தான்.

பட்டறையில் எல்லாரும் பலகைமேல் கருவிகளை அடுக்கியிருந்தார்கள். நான் துணியை விரித்து, உளிகளை வரிசையாக வைத்தேன். கடைசியில் குரோஷா ஊசியையும் வைத்தேன். உளிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு ஊசிக்கும் வைத்தேன். சூடத்தைக் கொளுத்திக் கையில் ஏந்திய மாமா ஊசியைப் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை, அத எடு. அது ஆயுதமா?"

"என் விரலை மடக்குனது இதுதான் மச்சான். இத எடுக்கணும்னா பதினொண்ணையும் சேத்து எடுத்துக்கிட்டு நான் கெளம்புறேன். பூசைக்கு முன்னாடியே."

அவர் முகம் சிவந்துவிட்டது. சூடம் கையில் எரிந்துகொண்டிருந்தது, சுடுகிறதற்குள் காட்டியாக வேண்டும். காட்டினார். ஊசிக்கும் சேர்த்துத்தான் காட்டினார்.

மறுநாள் விஜயதசமி. ஒவ்வொருவரும் தன் கருவியை எடுத்து முதல் வெட்டு வெட்டுவது வழக்கம். என் முறை வந்ததும் மாமா ஒரு தேக்குப் பலகையை என் முன்னால் போட்டார். கோடு போட்டுத் தரவில்லை. நானே பூவை வரைந்துகொண்டேன். உளியை எடுத்தேன். ஆள்காட்டி விரல் பாதிதான் மடங்கியது, நடுவிரல் முழுக்க மடங்கிப் பிடித்தது. கொட்டாப்புளியால் அடித்தேன். முதல் இதழ் கிழிந்துபோனது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். இரண்டாவது சுமார். மூன்றாவது இதழில் சீவல் சுருள் சுருளாக வந்து விழுந்தது.

மாமா குனிந்து, மூன்றாவது இதழைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஆழம் பத்தல" என்றார்.

காவல்காரனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வேலைக்காரனிடம்தான் சொல்வார்கள். நான் நான்காவது இதழை ஆழமாக வெட்டினேன்.

ஆள்காட்டி விரல் இன்றைக்கும் பாதிதான் மடங்குகிறது. அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாகக் கதவு செய்கிறேன். உளிப்பெட்டியில் பதினோரு உளியோடு அந்த ஊசியும் கிடக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அதற்குக் குங்குமம் உண்டு, யார் முகம் சுளித்தாலும். சின்னவளே, உனக்குப் பின்னத் தெரியும் என்றால் புதிதாக ஒரு துணி பின்னு. எட்டிதழ், நான்கு மூலை, மூலைமட்டம் வைத்தாற்போல் போடு. கத்தரிக்கோலை மட்டும் ரேடியோ பக்கம் கொண்டுவராதே.