கழிப்பறைக்கு ஒன்று, விளக்குக்கு எட்டு

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்குக் கமா என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். மூச்சுவிட இடம் கிடைத்தால் அங்கே ஒரு கமாவைப் போட்டுவிடுவாள். வாழ்க்கையிலும் அப்படித்தான். படி இறங்கினால் நடுவில் நின்று, கதவைப் பூட்டினோமா என்று யோசிப்பாள். முற்றுப்புள்ளி வைப்பதெல்லாம் அக்கா பாடு.

அக்கா பஸ் கண்டக்டர். விடியற்காலையில் அரை டம்ளர் தண்ணீர் குடிப்பாள். பிறகு வேலை முடியும்வரை சொட்டுத் தண்ணீர் பல்லில் படாது. பஸ் நிலையத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள், அவள் எங்கே ஒதுங்குவாள்? இரண்டு தடவை சிறுநீரகத்தில் கல் வந்துவிட்டது. மூன்றாவது தடவை வந்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இந்தச் சமயத்தில்தான், ஊருக்கு முதலில் எதைச் செய்வது என்று மக்களையே கேட்டுவிடலாம் என்று நகர மன்றம் முடிவெடுத்தது. வணிக வளாகம், பஸ் நிலையக் கழிப்பறை, தெருவிளக்கு, பூங்கா என்று எட்டு வேலைகள். ‘கீழ்க்கண்டவற்றுக்கு முன்னுரிமைப்படி ஒன்று முதல் எட்டு வரை எண் இடவும்’ என்று திட்ட அதிகாரி எழுதிக்கொடுத்தார். அடித்துப் பார்த்தால் கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. ஒரே பக்கத்தில் வரவேண்டும் என்பது அவர் கட்டளை. கமா யோசித்துப் பார்த்து, ‘முன்னுரிமைப்படி’ என்ற நீளமான சொல்லை எடுத்துவிட்டாள். பக்கம் கச்சிதமாக அடங்கியது. அதிகாரி பாராட்டக்கூடச் செய்தார்.

இரண்டாயிரம் தாள்கள் நிரம்பி வந்தன. ஒன்று என்றால் முதலில் வேண்டியது என்று வைத்துக் கூட்டிப் பார்த்ததில், பட்டியலின் உச்சியில் கழிப்பறை, அடியில் வணிக வளாகம். கமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் வைத்தால் வேலை முடிந்தது.

தாள்களைக் கட்டி வைக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. தெருவிளக்குக்கு எட்டு போட்டிருந்த ஒருவர், பக்கத்தில் ‘முழு மார்க்’ என்று எழுதியிருந்தார். கமா மற்ற தாள்களை அவசரமாகப் புரட்டினாள். கழிப்பறைக்கு ஒன்று போட்டிருந்த இன்னொரு தாளில், ஓரமாக ஒரு சிரிக்கும் முகம்.

சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“அக்கா, அந்த நகராட்சித் தாள்ல கழிப்பறைக்கு என்ன போட்ட?”

“ஒண்ணு.”

“முதல்ல வேணும்னுதானே?”

“ஒண்ணுக்குப் போற எடத்துக்கு ஒண்ணு போடாம வேற என்னடி போடுவாங்க? டிப்போவே சிரிச்சுக்கிட்டு அதத்தான் போட்டுச்சு. டிரைவர் ஒருத்தர் மட்டும், ‘எனக்கு ரெண்டுக்கும் போகணும்மா’ன்னு ரெண்டு போட்டார்.”

“தெருவிளக்குக்கு?”

“எட்டு. முழு மார்க். இருட்டுல எறங்கி நடந்து பாரு, தெரியும்.”

கமா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரே தாளில் ஒன்று கேலி, எட்டு பாராட்டு. எட்டுதான் முதலில் வேண்டியது என்று வைத்துத் தாள்களைத் தலைகீழாகக் கூட்டினால் வணிக வளாகம் முதலில், கழிப்பறை கடைசியில். எது ஊரின் மனசு? அக்காவின் மனசையே அக்காவின் தாள் சொல்லவில்லையே.

காலையில் அதிகாரியின் அறையில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அந்த வார்த்தைய ஏம்மா எடுத்தீங்க?”

“ஒரே பக்கத்துல வரணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

“சரி, இப்ப கழிப்பறைதான மேல இருக்கு? உங்க அக்காவுக்கும் அதுதான வேணும்? பேசாம விட்டா யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியாதுதான். அதுதான் அவளைக் குழப்பியது. நல்லது நடக்கிறது, தப்பான வழியில் நடக்கிறதா, சரியான வழியிலா என்பதுகூடத் தெரியவில்லை. விளக்குக்கு எட்டு போட்டவர்கள் இருட்டிலேயே நடக்கட்டுமா?

இருக்கைக்குத் திரும்பி, பட்டியலின் கீழே ஒரு வரி அடித்தாள்: ‘எண்கள் எந்தப் பொருளில் இடப்பட்டன என்பது தெளிவாக இல்லை.’ ஒரு கமாகூட இல்லை. அதிகாரி அந்த வரியை மூன்று முறை படித்தார். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். நகர மன்றம் பட்டியலைத் தள்ளி வைத்து, மறுபடி கேட்கச் சொன்னது. எப்படியும் மூன்று மாதம் ஆகும்.

வீட்டில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள்.

“அப்ப இன்னும் மூணு மாசம் தண்ணி குடிக்காம ஓட்டணும்.”

“தப்பு பண்ணிட்டேனாக்கா?”

“எனக்கென்ன தெரியும். நானும்தான் சிரிச்சேன்.”

புதுத் தாளில் கமா எண்களே வைக்கவில்லை. ‘முதலில் எது வேண்டும், ஏன் வேண்டும் என்று உங்கள் வார்த்தையில் எழுதவும்.’ கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் தாளை அக்காவிடம்தான் நீட்டினாள். அக்கா டிக்கெட் பையின் மேலேயே வைத்து, பேனாவை அழுத்தி எழுதித் திருப்பித் தந்தாள்.

‘கழிப்பறை. கல் வலி தாங்கலை. சிரிக்காமல் எழுதியிருக்கிறேன்.’