கீழவீதியில் அக்கா அமர்ந்த நாள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர் பலருக்கும் அக்காவை அமைதியான பெண்ணாக மட்டுமே தெரியும். அந்த அமைதிக்குள் இருந்ததை நேரில் கண்டவள் என்பதால், தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

கடலூரை அடுத்த கடற்கரைக் கிராமத்தில், மீனவக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் உரக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வருவார். சுனாமியில் வீடும் அப்பாவின் படகும் போயின. தகரக் கொட்டகையில் இருந்தபடியே பிளஸ் டூ முடித்து, சிதம்பரத்தில் பட்டப்படிப்பில் சேர்ந்தார்.

விடுதியில் அவருடைய அறைத்தோழி டோல்மா. கர்நாடகத்தில் உள்ள திபெத்திய அகதிகள் குடியிருப்பில் பிறந்தவர். 2008இல் திபெத்தில் எழுந்த போராட்டம் ஒடுக்கப்பட்டபோது, அங்கிருந்த அவருடைய தாய்மாமனைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. டோல்மா சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தார். "இப்படியே படுத்துக் கெடந்தா யாருக்குத் தெரியும்? வா, நாலு பேருக்குச் சொல்லலாம்" என்று எழுப்பியவர் அக்காதான்.

சிதம்பரம் கீழவீதியில், கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி, தோழியர் சிலரோடு இருவரும் வாயில் கறுப்புத் துணி கட்டி உண்ணாநோன்பு இருந்தார்கள். பங்குனி வெயில். பூ விற்கும் அம்மா ஒருவர் தம் குடையைக் கொண்டுவந்து கொடுத்தாராம். வேறொருவர், "நம்மூருல ஆயிரம் பிரச்சன கெடக்குது, திபெத்தாம்!" என்று அக்காவின் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்தாராம். அக்கா துண்டுகளைப் பொறுக்கி மடியில் ஒன்றுசேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுபடி அமர்ந்தாராம்.

மதியம் எல்லோரையும் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நானும் அப்பாவும் பதறியடித்துப் போனோம். இனிமேல் போராட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகவும், இல்லையென்றால் வழக்கு என்றும் அதிகாரி சொன்னார். மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கொடுத்து அழைத்துப் போய்விட்டார்கள்.

"எழுதிக் குடுத்துடு பாப்பா. நம்ம கஷ்டமே ஜாஸ்தியா கெடக்குது. உனக்கும் அவுங்க ஊருக்கும் இன்னா சம்பந்தம்?" என்றார் அப்பா.

"சுனாமி வந்தப்போ நமக்குச் சோறாக்கிப் போட்டவங்களுக்கு நம்ம யாருப்பா? நம்மூரு பேரு கூட அவுங்களுக்குத் தெரியாது. டோல்மா எழுதித் தர மாட்டா. அவள இங்க தனியா உட்டுட்டு நான் எப்பிடி வர்றது?"

பேருந்தில் குரல் எழுப்பக் கூசும் என் அக்காவா இது! அப்பா அதிகாரியிடம் போனார். "சார், எம்பொண்ணு கல்லெடுக்கல. யாரையும் ஒரு வார்த்த கெட்டதாப் பேசல. எழுதித் தர்றதுக்கு இன்னா இருக்குது? நானும் இங்கயே இருக்கேன்" என்று அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் தரையில் அமர்ந்துவிட்டார். பொழுது சாயும்போது அதிகாரி, "கூட்டிட்டுப் போங்கய்யா" என்றார். வழக்கு இல்லை.

ஆனால் இதனால் இருவருக்கும் விடுதியில் இடம் போயிற்று. கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் போய்வந்து அக்கா படிப்பை முடித்தார். டோல்மாவும் எங்கள் வீட்டில் தங்கி, கூடவே போய்வந்தார். அப்பா அவரை "ரெண்டாவது பாப்பா" என்று கூப்பிடத் தொடங்கினார். நான் மூன்றாவது ஆனேன். அந்தத் தாய்மாமன் எங்கே இருக்கிறார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

பள்ளி ஆசிரியையாகி மூன்றாம் ஆண்டில் ரத்தப் புற்றுநோய் அக்காவைத் தாக்கியது. வலியிலும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. டோல்மா வேலையை விட்டுவிட்டு வந்து, கடைசி மூச்சுவரை கூடவே இருந்தார். உடலை எடுக்கும்போது தங்கள் வழக்கப்படி வெண்பட்டுத் துணியை அக்காவின் கழுத்தில் இட்டு வணங்கினார்.

மருத்துவமனையில் உதவியோர், ரத்தம் கொடுத்தோர், சவுக்குத்தோப்பு மயானம் வரை தோள்கொடுத்த எங்கள் ஊரார் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறோம். பெயர் தெரியாத அந்தப் பூக்கார அம்மாவுக்கும்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்கா போன செய்தி கேட்டதும் தம் குடியிருப்பில் நெய்விளக்கு ஏற்றி, அக்காவின் பெயரைச் சொல்லி, இறந்தவருக்காக அவர்கள் வழிபடும் நாற்பத்தொன்பது நாளும் வழிபட்டிருக்கிறார் டோல்மாவின் தாயார். அவர் அக்காவைப் பார்த்ததே இல்லை.